டிக்கியில் இருந்த நல்ல தண்ணி

காரில் ஏறி உட்கார்ந்தால் எல்லோருக்கும் சாலை தெரியும். எனக்கு முள்தான் தெரியும். ஸ்டியரிங்குக்குப் பின்னால், கண்ணாடிக்குள், இன்ஜின் சூட்டைக் காட்டுகிற சின்ன முள். அது நடுவில் நிற்கிறதா, நடுவைத் தாண்டிவிட்டதா, இப்போது அசைந்ததா, இல்லை என் கண்தான் அசைந்ததா? கோவில்பட்டியில் கிளம்பித் திருநெல்வேலி போய்ச் சேரும் வரைக்கும் இதே பாடு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரர், "ரோட்டப் பாருட்டி, முள்ளு எங்கயும் ஓடிப் போயிராது" என்பார். ஓடித்தானே போகிறது, சிவப்புப் பக்கமாக! அப்படியே கத்தவும் செய்வேன். எனக்கு வாய் அதிகம் என்று தெருவில் பேர் உண்டு. மறுப்பதற்கில்லை.

காரை வாங்கியது அவர்தான். தீப்பெட்டி ஆபீஸ் லாரியை வடக்கே ஓட்டிக்கொண்டு போய்ப் போய் வந்துகொண்டிருந்த மனுஷர், ஒரு நாள் "இனிமே நம்ம வண்டி" என்று வெள்ளை டீசல் கார் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். எங்களிடம் வரும்போதே அது இரண்டு மூன்று கை மாறிய கிழட்டு வண்டி. கதவைச் சாத்தினால் கண்ணாடி தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும். தாலுகா ஆபீஸுக்கு எதிரே நான் வைத்திருக்கிற ஜெராக்ஸ் கடைக்குப் புது மிஷின் வாங்கலாம் என்று நினைத்திருந்தேன். அந்தக் காசு இந்தச் சவத்து வண்டிக்குப் போயிற்றே என்று ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

பிறகு அவருக்குக் கிட்னி இரண்டும் போயிற்று. லாரி போயிற்று, வேலை போயிற்று. வாரத்தில் மூன்று நாள் திருநெல்வேலியில் டயாலிசிஸ் என்று ஆயிற்று. முதலில் பஸ்ஸில்தான் போய்வந்தோம். ஒரு நாள் திரும்பும்போது பிரஷர் இறங்கி, பஸ்ஸுக்குள்ளேயே வாந்தி எடுத்து, சீட்டில் சரிந்துவிட்டார். குடித்திருக்கிறார் என்று நினைத்துக் கண்டக்டர் ஏசினார். நான் திருப்பி ஏசிய ஏச்சில் பஸ்ஸே வாயடைத்துப் போயிற்று. ஆனால் அழுகையும் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் காரோட்டப் படிப்பது என்று முடிவு செய்தேன்.

சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். பசுவந்தனை ரோட்டில், இரண்டு பக்கமும் கரிசல் காடு வெடித்துக் கிடக்க, பக்கத்து சீட்டில் சாய்ந்துகொண்டு, "பைய விடு. காட்டுக்குள்ள போனாலும் பருத்திதான் கெடும், நாம சாவ மாட்டோம்" என்று தைரியம் சொல்வார். அப்படித்தான் படித்தேன். அந்தக் காரை என்னென்ன சொல்லித் திட்டினேனோ, அதுதான் கடைசியில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும் ஒரே வழி ஆயிற்று. அதனால்தான் முள் அசைந்தால் நான் அப்படிக் கத்துவேன்.

அவருக்குச் சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி கிடையாது, உடம்பிலேயே தங்கும். முதலில் கால் வீங்கும், பிறகு மேலே ஏறும். ஒரு தடவை அது நெஞ்சு வரைக்கும் ஏறி, மூச்சு விட முடியாமல் அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, வாயைப் பிளந்து காற்றைத் தேடியதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு தடவை நுரையீரலில் தண்ணீர் கோத்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நாள் முழுவதுக்கும் அரை லிட்டர் பாட்டில் ஒன்று. காபி, ரசம், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள்ளேதான். அவரிடம் வெளியே வரவேண்டியது வரவில்லை, காரில் வெளியே வரக்கூடாத தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் பேயாக அலைந்தேன்.

எங்கள் ஊரில் தண்ணீர் என்று சும்மா யாரும் சொல்ல மாட்டார்கள். நல்ல தண்ணி, இல்லையென்றால் உப்புத் தண்ணி. நல்ல தண்ணி குழாயில் சில நாளைக்கு ஒரு முறை வரும். குடம், டிரம், சட்டி என்று கையில் கிடைத்ததிலெல்லாம் பிடித்து வைப்போம். உப்புத் தண்ணி போர்வெல்லில் எந்நேரமும் வரும். துணி துவைக்க, பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்க. அதில் சோறு வேகாது, சோப்பு நுரைக்காது. ஒரு வாய் குடித்தால் தாகம் இரட்டிப்பாகும்.

காருக்கு நல்ல தண்ணிதான் ஊற்ற வேண்டும் என்பது வீட்டுக்காரரின் சட்டம். லாரி ஓட்டிய காலத்திலிருந்தே அப்படி. "உப்புத் தண்ணி ஊத்துனா ரேடியேட்டர அரிச்சுத் தின்னுரும். உள்ள காறை புடிச்சு அடைச்சுக்கிடும். பொறவு நடுரோட்டுலதான் நிக்கணும்" என்பார். குடிக்கவே பற்றவில்லை, காருக்கு நல்ல தண்ணியா என்று முதலில் நான் குதித்தேன். பிறகு பழகிப்போயிற்று. குழாய் வருகிற அன்றைக்கு கூல்டிரிங்க்ஸ் வந்த இரண்டு பெரிய கலர் பாட்டில் நிறையப் பிடித்து டிக்கியில் வைத்துவிடுவேன். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் பானெட்டைத் தூக்கி, குறைந்திருப்பதை ஊற்றி நிரப்பிவிட்டுத்தான் கிளம்புவேன்.

ஊற்ற ஊற்றக் குறைந்தது. எட்டயபுரம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக் வீட்டுக்காரருக்குப் பழைய பழக்கம். அவரை அண்ணாச்சி என்றும் என்னை மதினி என்றும் கூப்பிடுவார். நல்ல மனுஷர். ஆனால் அவர் வாயில் "சின்ன வேலதான்" என்று வந்துவிட்டால் நான் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

"சின்ன வேலதான் மதினி. மேல் ஹோஸ் வெடிச்சிருக்கு. மாத்திட்டா முடிஞ்சுது."

மாற்றினோம். முடியவில்லை. அடுத்த வாரம் காருக்குக் கீழே சிமெண்ட் தரையில் மறுபடியும் ஈரத் திட்டு. ரேடியேட்டர் மூடி ஆவியை விடுகிறது என்றார். மூடி மாற்றினோம். அதன் பிறகு வாட்டர் பம்ப். பம்பைக் கழற்றி என் முன்னால் ஆட்டிக் காட்டி, "பாத்தீங்களா, என்னா ஆட்டம் ஆடுது!" என்றார். ஆடியது வாஸ்தவம்தான். புதுப் பம்ப் போட்ட பிறகும் தண்ணீர் குறைந்தது. போதாததற்கு இன்ஜினும் சூடாக ஆரம்பித்தது. டயாலிசிஸுக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது, இந்தக் கிழட்டு வண்டியின் சீக்குக்கு எந்த அட்டையைக் காட்ட? கடையின் ஜெராக்ஸ் மிஷினுக்கு டோனர் மை வாங்க எடுத்து வைத்தது பம்பாகப் போயிற்று.

"நல்ல தண்ணிதான ஊத்துதீங்க?" என்று மெக்கானிக் ஒரு நாள் கேட்டார்.

"பின்ன? உங்க அண்ணாச்சி விட்டுருவாவளா? நான் குடிக்காம வச்சிருந்து ஊத்துதேன்."

"அப்ப இன்ஜின் ஹெட்டுலதான் வேல இருக்கும். அது கொஞ்சம்…"

"சின்ன வேலதானே?" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். ஹெட்டைக் கழற்றினால் என்ன ஆகும் என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகையைக் கேட்டதும் பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்து எதன் மேலாவது போட வேண்டும் போல இருந்தது. வீட்டுக்காரர் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். லாரி ஓட்டியவர், இன்ஜினைப் பற்றி என்றால் தூக்கத்தில்கூடப் பேசுகிறவர், அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடம்பு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதே சமயத்தில் ஆஸ்பத்திரியில் வேறு ஒரு வம்பு. டயாலிசிஸுக்கு முன்னால் எடை போடுவார்கள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் ஏறியிருக்கிற எடை அவ்வளவும் தண்ணீர்தான். அவருக்கு ஏறிக்கொண்டே போயிற்று. அங்கே ஒரு நர்ஸ் பிள்ளை, இருபது இருபத்திரண்டு வயசுதான் இருக்கும், என்னைப் பார்த்து, "தண்ணி நிறைய குடுக்கீங்கம்மா. இவ்வளவையும் ஒரே நாள்ல எடுத்தா அவிய தாங்க மாட்டாவ" என்றது.

"அளந்துதான் குடுக்கேன் பிள்ள."

"அப்பறம் எப்படிம்மா ஏறும்?"

எனக்கு என்ன தெரியும்? இட்லியைச் சந்தேகப்பட்டேன், சட்னியைச் சந்தேகப்பட்டேன், வெள்ளரிக்காயை நிறுத்தினேன். உப்பைக் குறைத்தேன், பிறகு அடியோடு விட்டேன். அடுப்பாங்கரைக் கதவுக்குப் பூட்டு வாங்கி, கடைக்குப் போகும்போது பூட்டிவிட்டுப் போனேன். அதோடும் விடாமல் தெருவில் வீடு வீடாகப் போய், "அவிய தண்ணி கேட்டா குடுத்துராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று சொல்லிவைத்தேன். எங்கள் பக்கத்தில் சண்டைக்காரன் வந்து வாசலில் நின்றாலும் முதலில் ஒரு செம்புத் தண்ணி கொடுத்துவிட்டுத்தான் சண்டை போடுவோம். அந்த ஊரில் என் வீட்டுக்காரருக்குத் தண்ணி கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எதிர் வீட்டு அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது இன்னும் போகவில்லை.

டயாலிசிஸ் மிஷினில் படுத்திருக்கும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு அவர் முனகுவார். நான் காலைப் பிடித்துவிட்டபடியே, "உண்மையச் சொல்லுங்க, எங்கயாவது குடிக்கீங்களா?" என்று கேட்பேன்.

"எங்கன போயிக் குடிக்க? நீதான் ஊரையே பூட்டி வச்சிருக்கியே" என்பார்.

அதுவும் சரிதானே என்று தோன்றும்.

அந்த நாட்களில் எனக்கு ஆறுதலாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். காலையில் நான் குளித்துக்கொண்டோ சமைத்துக்கொண்டோ இருக்கும்போது, அவர் மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு மெல்ல வாசலுக்குப் போய்க் காரைத் துடைப்பார். முன்பெல்லாம் லாரியை அப்படித் துடைப்பார். கதவு திறக்கிற சத்தம், டிக்கி திறக்கிற சத்தம், வாசல் போர்வெல் குழாய் ஓடுகிற சத்தம் எல்லாம் உள்ளே கேட்கும். துணியை அலசுகிறார் என்று நினைப்பேன். படுக்கையே கதி என்று கிடக்காமல் மனுஷருக்கு இதிலாவது பிடிப்பு இருக்கிறதே என்று கடவுளுக்கு நன்றி சொல்வேன்.

ஒரு நாள் காலையில் கிளம்பும்போதே அவருக்கு மூச்சு இளைத்தது. கால் இரண்டும் செருப்புக்குள் நுழையவில்லை. வழக்கம்போல டிக்கியிலிருந்து பாட்டிலை எடுத்து, ரேடியேட்டரை நிரப்பிவிட்டு ஏறினேன். ஊரைத் தாண்டும் முன்பே முள் நடுவைத் தாண்டிவிட்டது. ஏசியை அணைத்தேன். ஜன்னலை இறக்கினேன். சூட்டை இன்ஜினிலிருந்து இழுக்கட்டும் என்று ஹீட்டரைப் போட்டேன். வெளியே வெயில், உள்ளே அடுப்பு. "போயிருவோம், போயிருவோம்" என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் மூச்சு விடுகிற சத்தம் விசில் மாதிரிக் கேட்டது. எனக்கு முள்ளையும் பார்க்க வேண்டும், அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதையும் பார்க்க வேண்டும். ரோட்டை எந்தக் கண்ணால் பார்ப்பது?

கயத்தாறு நெருங்கும்போது பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ரோட்டோரம் லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் ஓரங்கட்டி நிறுத்தினேன். இறங்கி ஓடிப்போய்ப் பானெட்டைத் தூக்கி, முந்தானையைச் சுருட்டி ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன்.

"எக்கா! கோட்டியா புடிச்சிருக்கு? தொறக்காதீங்க, மூஞ்சி வெந்துரும்!"

நின்றுகொண்டிருந்த லாரி ஒன்றின் டிரைவர், வாயில் பல் துலக்குகிற நுரையோடு ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். வயசு முப்பதுக்குள்தான் இருக்கும். "ஆறட்டும். பொறவு ஊத்திக்கிடலாம். தண்ணி இருக்கா?" என்றார். டிக்கியைத் திறந்து காட்டினேன். பாட்டிலை எடுத்தவர், முதலில் தன் வாயைக் கொப்புளிக்க ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டார். ஊற்றிய வேகத்தில் துப்பினார்.

"த்தூ! என்னக்கா, உப்புத் தண்ணிய வச்சிருக்கீங்க?"

"உப்பா? அது நல்ல தண்ணி தம்பி. நானே என் கையால புடிச்சு வச்சது."

"நீங்களே வாயில ஊத்திப் பாருங்க."

ஊற்றிப் பார்த்தேன். எங்கள் வாசல் போர்வெல் தண்ணீர். இத்தனை வருஷம் பாத்திரம் கழுவியும் வாய் கொப்புளித்தும் தெரிந்த அதே கரிப்பு. மற்ற பாட்டிலையும் திறந்து ஊற்றிப் பார்த்தேன். அதுவும் அதே. தெருவில் யாரோ விளையாட்டுக்குச் செய்தார்களா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

அவர் கார்க் கதவைத் திறந்து, வீங்கிய கால்களை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு, தூரத்தில் சுற்றுகிற காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து காற்றாலையையே பார்க்காதவர் மாதிரி.

"ஏங்க."

திரும்பவில்லை.

"எத்தன நாளா?"

"வண்டி ஆறட்டும். பொறவு பேசிக்கிடலாம்" என்றார்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மஞ்சள் துணி, டிக்கிச் சத்தம், குழாய்ச் சத்தம். நல்ல தண்ணியைக் குடித்துவிட்டு, நான் கண்டுபிடிக்காமல் இருக்க அதே பாட்டிலில் உப்புத் தண்ணியைப் பிடித்து வைத்திருக்கிறார். அதைத்தான் நான் பயபக்தியோடு ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். ஹோஸும் மூடியும் பம்பும் என்னத்துக்கு மாற்றினோம்? கையிலிருந்த பாட்டிலை ரோட்டில் ஓங்கி அடித்தேன். அது உடையாமல் துள்ளி உருண்டு போயிற்று. அதுகூட என் பேச்சைக் கேட்கவில்லை. லாரி டிரைவர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவியளுக்கு டயாலிசிஸ் தம்பி. வெரசாப் போவணும். மூச்சு முட்டுது" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"நான் திருநெவேலிதான் போறேன். வாங்க" என்றார்.

அவரும் நானும் சேர்ந்து வீட்டுக்காரரை லாரி கேபினுக்குள் ஏற்றினோம். ஒரு காலத்தில் ஒரே எட்டில் ஏறியவர். அன்றைக்குப் படிக்குப் படி நின்று மூச்சு வாங்கினார். உட்கார்ந்த பிறகு, பழக்க தோஷம், கை தானாக கியர் கம்பிப் பக்கம் போயிற்று, பிறகு மடிக்குத் திரும்பிவிட்டது.

கேபினில் ஒரு தண்ணீர்க் கேன் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அதற்குள் தண்ணீர் தளும்புகிற சத்தம். க்ளக், க்ளக். நான் காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றால் யாருக்காகப் பொத்த? அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தொண்டை மட்டும் அசைந்தது. அந்தத் தம்பி பாவம், தெரியாமல், "அண்ணாச்சி, ஒரு வாய் தண்ணி குடிக்கீங்களா? இது நல்ல தண்ணிதான்" என்றார்.

"வேண்டாம் தம்பி. எனக்கு ஆவாது" என்றார் என் வீட்டுக்காரர். அதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் பார்க்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்தேன். கோபத்தில் கொஞ்சம் அழுத்தியே பிடித்துவிட்டேன் போல. விடவும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்ஸ் பிள்ளை வாயைத் திறக்கும் முன்னாலேயே, "தெரியும் பிள்ள. நீ முதல்ல மிஷினப் போடு" என்றேன். ஆக்ஸிஜன் வைத்தார்கள். நான் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். உட்காரச் சொன்னார்கள், முடியவில்லை. அவருக்கு மூச்சு சீராகி, உள்ளே கூப்பிட்டபோது, என்னென்ன கேட்க வேண்டும் என்று அடுக்கி வைத்துக்கொண்டுதான் போனேன்.

"உப்புத் தண்ணி ஊத்துனா ரேடியேட்டரு போயிரும்னு தெரியாதா? சொல்லிக் குடுத்ததே நீங்கதான?"

"தெரியும்."

"பொறவு?"

"தெரிஞ்சுதான் ஊத்துனேன். ஒவ்வொரு தடவையும் மனசு கெடந்து அடிச்சுக்கிடும். என்ன செய்யச் சொல்லுத? வீட்டப் பூட்டுன. தெருவப் பூட்டுன. டிக்கியப் பூட்டல."

"அது காருக்கு வச்சதுங்க!"

"அதான். நம்ம வீட்டுல காருக்குத்தான் நல்ல தண்ணி இருந்துச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "காரு போனா வேற காரு வாங்கிக்கிடலாம்" என்றார்.

"வேற ஆளு எங்கன வாங்குவேன்?" என்று கத்திவிட்டேன். அடுத்த கட்டிலில் இருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பார்க்கட்டும்.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "நீ தண்ணி குடிக்கது எனக்குக் கேக்கும்ட்டி. அடுப்பாங்கரையில கதவச் சாத்திக்கிட்டுதான் குடிக்க, ஆனா கேக்கும். மடக்கு மடக்குன்னு. மத்ததெல்லாம் தாங்கிக்கிடுதேன். அந்தச் சத்தம் மட்டும் தாங்க முடியல. நாக்கு மேல ஒட்டிக்கிடும்."

நான் அடுக்கி வைத்திருந்த கேள்விகள் அவ்வளவுதான். அவர் கெண்டைக்காலைப் பிடித்துவிட உட்கார்ந்தேன்.

காரை மெக்கானிக் கட்டி இழுத்து வந்தார். ரேடியேட்டரைக் கழற்றி வெட்டிக் காட்டினார். உள்ளே குழாய்களெல்லாம் வெள்ளையும் காவியுமாகக் காறை பிடித்து, பாதிக்கு மேல் அடைத்திருந்தது. அடியில் அரித்து ஓட்டை. "நல்ல தண்ணி ஊத்துனா இப்படி ஆவாதே மதினி" என்றார். நான் வீட்டுக்காரரைக் காட்டிக் கொடுக்கவில்லை. "குழாயில வாரது இப்ப அப்படித்தான் இருக்கு" என்றேன். ஜெராக்ஸ் மிஷினுக்குச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து ரேடியேட்டர் மாற்றினேன். ஹெட்டைத் தொடக்கூட விடவில்லை.

பச்சை நிறத்தில் கூலன்ட் ஊற்றிவிட்டு, "இனி தண்ணியே காட்டக் கூடாது. இது மட்டுந்தான். மிச்சத்த வீட்டுக்குக் கொண்டு போங்க, குறைஞ்சா ஊத்திக்கிடுங்க" என்று கேனை நீட்டியவர், "வாயில கீயில பட்டுரப் போவுது, விஷம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டிலில் எது இருந்தாலும் குடிக்கிற தாகத்தில் ஒரு ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு, இந்தக் கேனை டிக்கியில் வைப்பேனா? "இங்கனயே இருக்கட்டும். குறைஞ்சா நானே வண்டியக் கொண்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

குறையவில்லை. தரையில் ஈரம் இல்லை. முள் நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. அப்படி நின்றாலும் நான் பார்க்காமல் இருப்பதில்லை, அது வேறு. டிக்கிக்குப் பூட்டுப் போட்டேன். சாவி என் இடுப்பில். எடை ஏறுவது குறைந்தது. நர்ஸ் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது.

ஆனால் வீட்டில் என்னால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. செம்பை வாயருகே கொண்டுபோனால், அவர் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருப்பார் என்று கீழே வைத்துவிடுவேன். கடைக்குப் போய்க் குடிப்பேன். விடுமுறை நாளில் என்ன செய்ய? டிக்கியில் ஒரு கலர் பாட்டில் நல்ல தண்ணி வைத்துக்கொண்டேன், காருக்கு இல்லை, எனக்கு. அவர் கண்ணயர்ந்திருக்கும்போது வாசலுக்குப் போய், டிக்கியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டுக்கொண்டு, சத்தம் வராமல் குடிப்பேன். என் வீட்டுத் தண்ணியை நானே திருடிக் குடிப்பது போலத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்படிக் குடித்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"உக்காந்து குடிட்டி. நின்னுக்கிட்டு குடிச்சா பொரையேறும்."

கையில் மஞ்சள் துணியோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கு நிஜமாகவே புரையேறிவிட்டது. என் தலையில் தட்டினார். இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தன நாளா தெரியும்?" என்று கேட்டேன்.

"வண்டியத் தொடச்சிக்கிடுதேன். பொறவு பேசிக்கிடலாம்."

போய்ப் பானெட்டைத் துடைக்க ஆரம்பித்தார். மேலிருந்து கீழாக, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல். நான் பாட்டிலை மூடப் போனேன். மூட முடியவில்லை. மூடியில் தண்ணீரை ஊற்றி, சிந்தாமல் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். வாங்கி வாயில் ஊற்றி, கண்ணை மூடி, நெடுநேரம் வைத்திருந்தார். வாய் நனைத்துவிட்டுத் துப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் துப்பவில்லை.

மூடியைத் திருப்பித் தந்து, "அரை லிட்டர் கணக்குல சேத்துக்கோ" என்றார்.

சேர்க்கவில்லை.